பழைய விளையாட்டுக்குப் பழைய ஒளி

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த வீடியோ விளையாட்டுக்களை இக்காலப் பிள்ளைகள் மீண்டும் தேடி எடுத்து ஆடுகின்றனர். தந்தையார் இளமையில் ஆடியதை இன்று மகன் கணினியில் ஆடுகின்றான். ஆட்டம் அதுவே, இசையும் அதுவே. ஆயினும் தந்தையார் திரையை நோக்கியவுடன், “இது இப்படி இருந்ததில்லையே!” என்கின்றார். மகனோ, “அந்தக் காலத்துப் படம் இவ்வளவுதான் அப்பா, சதுரம் சதுரமாகத்தான் இருந்திருக்கும்” என விடை பகர்கின்றான். இருவருள் எவர் கூற்று மெய் என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட விடயம். தந்தையார் கூற்றே மெய் என முதற்கண் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். பழமை மீதுள்ள பற்று நம்மை இவ்வாறு சொல்ல வைக்கிறதோ என வாசகர் ஐயுற வேண்டியதில்லை. பௌதிகவியலே அவர் பக்கம் நிற்கின்றது.

பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு உயிராய் அமைந்தது அதன் கண்ணாடிக் குழாய். 1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி பேர்டினண்ட் பிறவுண் ஆக்கிய கதோட்டுக் கதிர்க் குழாயின் வழித்தோன்றல் அது. குழாயின் பின்கழுத்திலிருந்து புறப்படும் இலத்திரன் கற்றை, காந்தப் புலத்தால் வளைக்கப்பட்டு, இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் ஓடி, முன்கண்ணாடியின் உட்புறத்தே பூசப்பெற்ற ஒளிர்பூச்சின்மேல் கோடு கோடாகப் படத்தை எழுதும். நம் நாட்டிலே 1979ஆம் ஆண்டில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1982இல் ரூபவாஹினி வந்தது. நமக்கு வாய்த்த முறை 625 கோடுகளும் செக்கனுக்கு இருபத்தைந்து முழுப்படங்களும் கொண்டது. மாணவர் பெருக்கிப் பார்க்கலாம்: ஒரு செக்கனில் 15,625 கோடுகளை அக்கற்றை எழுதி முடிக்கின்றது. யப்பானிலும் அமெரிக்காவிலும் வழங்கிய முறையில் 525 கோடுகள், செக்கனுக்கு ஏறத்தாழ முப்பது படங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஒளிபரப்பிலே ஒரு படத்தின் கோடுகள் யாவும் ஒரே ஓட்டத்தில் எழுதப்படுவதில்லை. முதல் ஓட்டத்தில் ஒன்றுவிட்டொரு கோடாக எழுதி, அடுத்த ஓட்டத்தில் விடுபட்ட கோடுகளை நிரப்புவது வழக்கம். விளையாட்டுப் பெட்டிகளை அமைத்த பொறியியலாளர், இரண்டாம் ஓட்டத்தையும் முதல் ஓட்டத்துக் கோடுகளின் மேலேயே செல்லுமாறு செய்தனர். அதனால் செக்கனுக்கு அறுபது முறை புதுப்படம் கிடைத்தது; கோடுகளின் நடுக்கமும் நீங்கிற்று. ஆனால் ஏறத்தாழ 240 கோடுகளே பயன்பட்டன. எஞ்சிய இடங்கள் ஒளி பெறாமல் கரிய இடைவெளிகளாய் நின்றன. பழைய விளையாட்டுப் படத்திற் காணும் கருங்கோடுகளின் பிறப்பு இதுவே. அதே பெட்டியில் செய்தியோ நாடகமோ பார்க்கும்போது அவை புலப்படாமைக்கும் காரணம் இதுவே.

கற்றையின் இயல்பு இன்னொன்றும் உளது. துலக்கமான இடத்தை எழுதும்போது அது பருத்துவிடும். இருண்ட இடத்தில் மெலிந்து நூலாகும். எனவே வெண்முகிலை எழுதிய கோடுகள் ஒன்றையொன்று தொட்டு இடைவெளியை மறைத்துவிட, குகையின் இருளை எழுதிய கோடுகள் விலகி நிற்கும். கருங்கோடு எங்கும் ஒரே பருமனாய் இருந்ததில்லை என்பதை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் இது நமக்கு வேண்டும்.

நிறத்துக்கு வேறோர் ஏற்பாடு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூவகை ஒளிர்பூச்சுக்கள் மிக நெருக்கமாக இடப்பட்டிருக்கும். ஒவ்வொரு கற்றையும் தனக்குரிய நிறத்தையே சென்றடையும்படி நுண்டுளைத் தகடொன்று இடையிலே நிற்கும். 1968ஆம் ஆண்டில் சொனி நிறுவனம் வெளியிட்ட ட்ரினிட்ரொன் குழாயில் துளைகளுக்குப் பதிலாக நெடுக்குக் கம்பிகள் அமைந்தன. வகை எதுவாயினும் பயன் ஒன்றுதான்: கணினி அனுப்பிய ஒவ்வொரு படப்புள்ளியும், அதாவது பிக்சலும், திரையிலே கூரிய சதுரமாக விழாமல், ஓரம் கரைந்த மணியாக விழுந்தது. அயலிலுள்ள மணியோடு அது சிறிது கலந்தது. ஓவியர் அக்கலப்பைக் கண்ணாற் கண்டு, அதற்கேற்பவே புள்ளிகளை இட்டனர். கறுப்புப் புள்ளிக்கும் தோல் நிறப் புள்ளிக்கும் இடையே ஓர் இடைநிறம் வைத்தால் கன்னம் உருண்டு தோன்றும் என்பதைக் குழாயே அவர்களுக்குக் கற்பித்தது.

இன்றைய தட்டைத் திரையில் அவ்வாறில்லை. ஒவ்வொரு புள்ளியும் தன் எல்லைக்குள் அடங்கிய சிறு கட்டம். 240 கோட்டுப் படத்தை அதிற் பெரிதாக்கினால், ஒரு புள்ளி பதினாறோ இருபதோ கட்டங்களைக் கொண்ட பெருஞ்சதுரமாகின்றது. உருண்ட கன்னம் படிக்கட்டாகின்றது. ஓவியர் மனத்தில் கொண்ட உருவம் மறைந்து, அதனை உண்டாக்க அவர் இட்ட குறிப்பு மட்டுமே நம் கண்முன் நிற்கின்றது. சங்கீத வித்துவானின் பாட்டைக் கேட்க விரும்பியவன் கையில் சுரக்குறிப்பு ஏட்டைக் கொடுத்தாற் போன்றது இது.

இக்குறையை நீக்க வந்ததே ஷேடர் எனப்படும் சிறு நிரல். விளையாட்டு ஆக்கிய படம் திரையை அடையுமுன், கணினியின் வரைகலைச் செயலி ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, இந்நிரல் கூறும் கணக்கின்படி மாற்றி வெளிவிடும். கோட்டின் பருமன், தகட்டின் நிழல், கண்ணாடியின் வளைவு, கம்பியில் நேரும் கலங்கல் ஆகிய எல்லாவற்றையும் கணக்காலேயே உண்டாக்கலாம். ரெட்ரோ ஆர்ச் என்னும் இலவச மென்பொருளில் இவ்வகை ஷேடர்கள் பல உள. சீஆர்டீ ரோயல் என்பது குழாயின் நுட்பங்கள் பலவற்றையும் கணக்கிடுவது; வலிய கணினியை வேண்டுவது. சீஆர்டீ பை என்பது ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிக்கென்றே எளிதாக எழுதப்பட்டது. கணினியில் இவ்வளவு முயலாதவர்க்கும் வழி இல்லாமற் போகவில்லை. நின்டெண்டோ நிறுவனம் 2018இல் தன் ஸ்விட்ச் கருவிக்கு வழங்கிய பழைய விளையாட்டுத் தொகுப்பிலே, பழைய திரையின் தோற்றத்தைத் தரும் தெரிவொன்றை வைத்தது. பழையன என்பதனால் இவ்விளையாட்டுக்கள் உடைமையாளர் அற்றவை ஆகிவிடா. உரிய முறையிற் பெற்றவற்றையே ஆடுக எனப் பிள்ளைகளுக்குச் சொல்லி மேலே செல்கின்றோம்.

ஷேடர் மெய்யாகவே என்ன செய்கின்றது என்பதை அறிய ஓர் அருவியைப் பார்ப்போம். சேகா நிறுவனத்தின் மெகா ட்ரைவ் பெட்டிக்கு 1991இல் வெளிவந்தது ‘சொனிக்’ என்னும் விளையாட்டு. நீல முள்ளெலி ஒன்று பசுங்குன்றுகளிடையே மின்னலென ஓடும் முதற்கட்டத்தை ஆடாதவர் அக்காலத்துப் பிள்ளைகளுட் சிலரே. அக்குன்றுகளின் நடுவே அருவிகள் விழும். தட்டைத் திரையிற் பார்த்தால் அவை அருவியாய்த் தோன்றா. ஒரு நீலக்கோடு, ஓர் இடைவெளி, மறுபடியும் ஒரு நீலக்கோடு என நட்டுவைத்த சீப்பைப் போலத் தோன்றும். ஓவியர் இப்படியா அருவி வரைவார்?

காரணம் இது. மெகா ட்ரைவ் பெட்டி அறிந்த நிறங்கள் மொத்தம் 512. ஒரே வேளையில் திரையில் வைக்கத்தக்கன அறுபத்துச் சில்லறை. ஒன்றின் ஊடாக மற்றொன்று தெரியுமாறு இரு படங்களைக் கலக்கும் பொதுவான வசதியும் அதற்கு இல்லை. ஆனால் வீட்டுப் பெட்டிகளிற் பெரும்பாலானவை மஞ்சட் செருகி கொண்ட ஒற்றைக் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. ஒளியும் நிறமும் அவ்வொரு கம்பியிலே ஒன்றாய்ச் செல்லும். கிடையாக நெருங்கி நிற்கும் நுண்கோடுகளைப் பிரித்தறிய அம்முறையால் இயலாது. கோடும் இடைவெளியும் கலங்கி ஒன்றாகும். அக்கலங்கலே அருவிக்குத் தெளிந்த நீரின் தன்மையைக் கொடுத்தது. பின்னாலுள்ள பாறை நீரினூடே தெரிந்தது. போதாமைக்கு மெல்லிய வானவிற் சாயலொன்றும் அதன்மேல் ஓடியது. பெட்டிக்கு இல்லாத ஆற்றலைக் கம்பியின் குற்றம் வழங்கிற்று!

ஆகவே கருங்கோடுகளை மாத்திரம் இடும் ஷேடரைப் போட்டுவிட்டு, “அருவி இன்னும் சீப்பாகவே இருக்கின்றதே” எனச் சலித்துக்கொள்வதிற் பயனில்லை. கோடுகள் குழாயின் செயல். கலங்கல் கம்பியின் செயல். ஒற்றைக் கம்பியின் கலங்கலைக் கணக்கிடும் ஷேடரை முதலிலும், குழாயைக் கணக்கிடும் ஷேடரை அதன் பின்னும் அடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால், கண்ணாடியிலே தோன்ற வேண்டிய கருங்கோட்டையும் கம்பி கலக்கிவிடும். அலை எந்த வழியே சென்றதோ அந்த வழியே கணக்கும் செல்ல வேண்டும்.

இனித் திருத்தும் முறைக்கு வருவோம். பலரும் முதலிலே கருங்கோட்டில் கைவைக்கின்றனர். அது தவறு. வடிவத்தைச் சரிசெய்வதே முதல் வேலை. சூப்பர் பமிக்கொம் பெட்டியின் படம் பொதுவாக 256 புள்ளி அகலமும் 224 புள்ளி உயரமும் உடையது. சதுரப் புள்ளிகளாக அதனை அப்படியே இட்டால் அகலமும் உயரமும் எட்டுக்கு ஏழு என்னும் விகிதத்தில் நிற்கும். அக்காலத் தொலைக்காட்சித் திரையோ நாலுக்கு மூன்று. எனவே படத்தின் அகலத்தை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். அன்றேல் வீரர் யாவரும் நோயாளிகளைப் போல் மெலிந்து நிற்பர். அகன்ற திரை முழுவதையும் நிரப்ப இழுத்துவிடுவாரும் உளர். அவ்விடத்து வீரர் பருத்துவிடுவர். ஓவியர் எல்லோரும் ஒரே கணக்கில் வரைந்தாரல்லர். சில விளையாட்டுக்களில் ஒரு நிலவு வட்டமாகவும் மற்றொரு சக்கரம் முட்டையாகவும் தோன்றுவது உண்டு. எனினும் வீட்டில் ஆடியவர் கண்டது நாலுக்கு மூன்றையே. நாமும் அதனையே கொள்வோம்.

அடுத்தது பெருக்கம். 1080 நிரை கொண்ட திரையில் 240 கோட்டுப் படத்தை நிரப்பினால் ஒவ்வொரு கோட்டுக்கும் நாலரை நிரை கிடைக்கும். அரை நிரையை எங்கே வைப்பது? ஒரு கோட்டுக்கு நாலும் மற்றதற்கு ஐந்துமாகப் பங்கிட, திரை முழுவதும் தடித்தும் மெலிந்தும் பட்டைகள் ஓடும். ஷேடர் கெட்டது என்று அதன்மேற் பழி போடுவார் பலர். முழுவெண்ணால் மட்டும் பெருக்குமாறு அமைத்தால் நாலு மடங்காகி 960 நிரையில் படம் நிற்கும். மேலும் கீழும் அறுபது அறுபது நிரை இருளாய் விடப்படும். அதனால் நட்டமில்லை. 2160 நிரை கொண்ட திரையாயின் ஒவ்வொரு கோட்டுக்கும் சரியாக ஒன்பது நிரை; கோடு பருப்பதையும் மெலிவதையும் காட்ட ஒன்பது போதுமானது. உயர்நுணுக்கத் திரையினாற் பெறும் நன்மைகளுள் இதனை நாம் பெரிதாக மதிக்கின்றோம். பழையதைச் செவ்வனே காட்டுவதற்கு மிகப் புதியது வேண்டியிருக்கின்றது.

இப்பொழுது கோடுகளுக்கு வரலாம். துலக்கத்துக்கேற்பப் பருமன் மாறும் ஷேடரையே தெரிந்தெடுக்க வேண்டும். எங்கும் ஒரே கறுப்பாய்க் கோடு கீறிய வலையைப் படத்தின்மேல் விரிப்பது, யன்னற் கம்பிக்கு அப்பால் நின்று பார்ப்பதை ஒக்கும். நல்ல அடையாளம் ஒன்று சொல்வோம்: வெண்முகிலிலே கோடு ஏறக்குறைய மறைந்து, நடுத்தர நிறங்களிலே தெளிவாய்த் தெரிந்தால் அமைப்புச் சரி. துளைத் தகட்டின் நிழலையும் இவ்வாறே, இருக்கின்றதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்கு வைப்பது நன்று. கண்ணாடியின் வளைவோ பெரும்பாலும் மிகைப்படுத்தப்படுகின்றது. நம் வீட்டுப் பெட்டிகள் மீன் தொட்டிகள் அல்ல. ட்ரினிட்ரொன் குழாய் மேலிருந்து கீழாக நேராகவே இருந்தது. பக்கவாட்டில் மட்டும் வளைந்தது. வளைவை முற்றாக நீக்கிவிட்டாலும் குறையொன்றும் தோன்றாது என்பது நம் கருத்து.

எல்லாம் செய்தபின் படம் இருண்டு போயிருக்கும். இது கணக்கின்படி வருவதே. கருங்கோடு பாதி ஒளியை உண்கின்றது என்போம். தகட்டின் நிழலை முழு வலிமையுடன் வைத்தால் ஒவ்வோரிடத்திலும் மூன்று நிறங்களுள் ஒன்றே எஞ்சும். பாதியில் மூன்றிலொன்று ஆறிலொன்று. ஆறில் ஐந்து பங்கு ஒளி போயிற்று! பலர் விளையாட்டின் அமைப்பிலே சென்று துலக்கத்தைக் கூட்டுகின்றனர்; உடனே இருண்ட நிறங்கள் சாம்பல் பூத்து வெளிறிவிடும். கூட்ட வேண்டியது திரையின் பின்னொளியையே. அது போதாவிடின் நிழலையும் கோட்டையும் தளர்த்துக. படத்தைக் கெடுத்து நிழலைக் காப்பது அறிவுடைமையாகாது.

தூரமும் ஓர் அமைப்பே என்பதைப் பலர் மறக்கின்றனர். அக்காலத்தில் பதினாலு அல்லது இருபது அங்குலப் பெட்டியை நிலத்திலிருந்து பார்த்தோம். இன்று ஐம்பது அங்குலத் திரையின் முன், முழங்கை தூரத்தில் அமர்ந்து, கோடு பெரிதாய்த் தெரிகின்றது என்று குறைகூறுவது முறையன்று. படத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது சற்றுப் பின்னே செல்லுங்கள். கண்ணுக்கும் அது நல்லது.

பழையது எல்லாம் குழாயில் பிறந்ததன்று என்பதையும் சொல்லாதிருக்க முடியாது. 1989இல் வந்த கேம் போய் என்னும் கைப்பெட்டி 160க்கு 144 புள்ளிகளும் பசுமை கலந்த நாலு சாயல்களும் உடையது. அது திரவப் பளிங்குத் திரை. அங்கே புள்ளிகள் மெய்யாகவே சதுரங்கள். அவற்றினிடையே மெல்லிய கட்டக்கோடு தெரிந்தது. உருவம் நகரும்போது பின்னே ஒரு நிழல் இழுபட்டது. கேம் போய் விளையாட்டுக்குக் கருங்கோடும் கண்ணாடி வளைவும் இடுவது, வேட்டிக்குக் கழுத்துப்பட்டி கட்டியது போலாகும். 2001இல் வந்த கேம் போய் அட்வான்ஸ் முதலிலே தன்னொளி இல்லாத திரையுடன் விற்பனையானது. இருண்ட அத்திரையில் தெரிய வேண்டுமென்று ஓவியர் நிறங்களை வேண்டுமென்றே வெளுக்க வைத்தனர். இன்றைய ஒளித்திரையில் அவை கண்ணைக் கூசச் செய்கின்றன. அதற்கு வேண்டியது நிறத்தை அடக்கும் ஷேடர் ஒன்றே.

புதிதாய்ச் செய்து பழமைக் கோலம் பூணும் விளையாட்டுக்கள் தனி இனம். பெரிய சதுரங்களைக் குவித்து, “இதுவே உங்கள் இளமைக் காலம்” என்று விற்போர் பலர். அவ்வாறான இளமைக் காலம் எவருக்கும் இருந்ததில்லை. மெச்சத்தக்க விலக்கு ஒன்றுண்டு. லூக்கஸ் போப் என்பார் ஆக்கி 2018இல் வெளிவந்த ‘ரிட்டேர்ன் ஒஃப் த ஒப்ரா டின்’ கிழக்கிந்தியக் கும்பனிக் கப்பலொன்றில் நேர்ந்த மரணங்களை ஆராயும் கதை. முழுவதும் இரண்டே நிறத்தில், புள்ளிகளின் நெருக்கத்தாலேயே ஒளியும் நிழலும் காட்டுவது. அதன் அமைப்பிலே மக்கின்ரோஷ், கொமொடோர் 1084 எனப் பழைய கணினித் திரைகளின் பெயரால் நிறச் சோடிகளைத் தெரிந்துகொள்ளலாம். 1984ஆம் ஆண்டு மக்கின்ரோஷின் சிறுதிரை கூர்மையானது; இடைக்கோடு விழாதது. அவ்விளையாட்டும் அக்கூர்மையையே நாடுகின்றது. அதன்மேல் தொலைக்காட்சி ஷேடரைப் போட்டால் புள்ளிகள் குழம்பிக் கப்பலே மூழ்கிவிடும்.

ஷேடரால் ஆகாதனவும் உள. 625 கோட்டு நாடுகளுக்கென விற்ற விளையாட்டுப் பெட்டிகள் செக்கனுக்கு அறுபதுக்குப் பதில் ஐம்பது முறையே படம் மாற்றின. பல விளையாட்டுக்கள் அதற்கேற்பத் திருத்தப்படாமையால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் மெல்ல ஓடின. இசையும் மெதுவாக ஒலித்தது. வேகத்தை விரும்புவோர் யப்பானிய அல்லது அமெரிக்கப் பதிப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அசைவின் தெளிவும் அத்தகையதே. குழாய் ஒவ்வொரு படத்தையும் மின்னலாய்க் காட்டி உடனே அணைத்துவிடும். தட்டைத் திரை அடுத்த படம் வரும்வரை அதனைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் ஓடும் முள்ளெலி நம் கண்ணில் மங்குகின்றது. செக்கனுக்கு 120, 240 முறை புதுப்பிக்கும் திரைகளிலே இடையிடையே இருளைச் செருகி இதனை ஓரளவு போக்கலாம். அறுபது முறைத் திரையில் ஷேடர் எதனாலும் இது இயலாது.

ட்ரினிட்ரொன் குழாய் செய்வதைச் சொனி நிறுவனம் 2008ஆம் ஆண்டளவில் நிறுத்தியது. எஞ்சிய குழாய்களின் ஒளிர்பூச்சு நாளும் மங்கி வருகின்றது. குழாயைக் கண்ட கண்கள் இருக்கும்போதே கணக்குகள் சரிபார்க்கப்பட வேண்டும் என ஷேடர் எழுதுவோர் விரைவது இதனாலேதான். எனவே, வீட்டின் மூலையில் பழைய பெட்டி இன்னும் உயிரோடிருந்தால் அதனைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். கணினித் திரையின் அருகே வைத்து, இரண்டிலும் ஒரே காட்சியை நிறுத்தி, முதலில் வெண்மையையும் பின்னர் இருளையும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஆனால் பெட்டியின் பின்மூடியை மட்டும் எக்காரணத்தாலும் திறத்தல் ஆகாது. நிறக் குழாய்க்குள் இருபதினாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் நிலவும். மின்னை நிறுத்திய பின்னரும் அது நெடுநேரம் தங்கியிருக்கக் கூடும்.